தோட்டத்து ஷெட்டுக்கு கரன்ட்: பக்கத்தில் ஒரு ராடு அடித்தால் போதுமா?

கேள்வி இதுதான்: வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி தோட்டத்தில் இரும்புச் சட்டத்தில் தகர ஷெட். உள்ளே இரண்டு லைட், ஒரு ஃபேன், கையில் பிடிக்கும் கிரைண்டிங் மெஷின், 1 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார். "வீட்டிலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் இழுத்துக்கொள்ளலாம், எர்த் வயர் தேவையில்லை, ஷெட் பக்கத்தில் ஒரு ராடு அடித்தால் போதும், எம்.சி.பி.தான் இருக்கிறதே" என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

சரியில்லை. ராடு அடிப்பது தப்பில்லை, அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ராடும் எம்.சி.பி.யும் (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் சேர்ந்து உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

மோட்டார் ஒயர் உரிந்து தகரத்தில் படுகிறது என்று வையுங்கள். கரன்ட் தகரம் வழியாக ராடுக்கு இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மர் அடியிலிருக்கும் எர்த்துக்குப் போய்த்தான் சுற்றை முடிக்க வேண்டும். உங்கள் ராடின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 5 ஓம் என்றால் மொத்தம் 25. 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 9.2 ஆம்பியர் ஒரு சாதாரண லோடு, அவ்வளவுதான். அது நாள் முழுக்க விழாது. எத்தனை மடங்கு கரன்டில் உடனே விழும் என்பதைப் பொறுத்து எம்.சி.பி.க்களை பி கர்வ், சி கர்வ் என்று பிரிப்பார்கள். சி கர்வ் எம்.சி.பி. கண நேரத்தில் விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். மண் வழியாக அவ்வளவு ஓடாது.

அந்த நேரத்தில் தகரத்தில் எவ்வளவு வோல்டேஜ்? 9.2 ஆம்பியர் பெருக்கல் 20 ஓம், 184 வோல்ட். தரையில் வெறுங்காலோடு நிற்பவர் கதவைத் தொட்டால் அத்தனையும் அவர் உடம்பில்தான். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், லைட் எரியும், மீட்டர் மட்டும் மாதம் முழுக்க வேகமாகச் சுற்றும். "எர்த் போட்டிருந்தோமே, எப்படி ஷாக் அடித்தது" என்று பிறகு கேட்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்து நிற்கும்.

இதில் நம் ஊர் சப்ளையின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனி வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டும். எர்த் வயர் ஈ.பி. தருவதில்லை. வீட்டுக்காரர் தோண்டிய குழிதான் அவருக்கு எர்த். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வீடுகளில் பல இடங்களில் எர்த்தும் சப்ளை கேபிளோடே உலோகப் பாதையாக வருகிறது. அங்கே ஃபால்ட் கரன்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், எம்.சி.பி.யே பிடித்துவிடும். அவர்கள் ஷெட்டுக்குச் செய்வதை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாது.

இதே காரணத்தால் இன்னொரு குறுக்குவழியும் ஊரில் உண்டு: நியூட்ரலையும் எர்த்தையும் ஷெட் போர்டில் ஒன்றாக முறுக்கிவிடுவது. "அப்போ எம்.சி.பி. விழும்" என்று சொல்வார்கள். விழும்தான். ஆனால் மேலே போகும் நியூட்ரல் கம்பி ஒரு காற்றில் அறுந்தால் என்ன ஆகும்? வீட்டில் ஓடும் எல்லாச் சாமான்களின் திரும்பு கரன்டும் உங்கள் ஷெட் தகரத்துக்கு வந்து, ராடு வழியாக மண்ணில் இறங்கப் பார்க்கும். அப்போது லோடைப் பொறுத்துத் தகரத்தில் 60 வோல்ட்டும் நிற்கும், 100 வோல்ட்டும் நிற்கும். எதுவுமே பழுதாகாத ஷெட்டில் ஷாக் அடிக்கும். எம்.சி.பி., கசிவைப் பார்த்து விழும் ஆர்.சி.சி.பி. எதுவும் இதைத் தடுக்காது. வீட்டிலோ ஷெட்டிலோ நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கவே கூடாது.

அப்படியானால் காப்பாற்றுவது எது? ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரன்டும் நியூட்ரலில் திரும்பிய கரன்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லியாம்ப் அளவுள்ள ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் இடையில் எங்காவது விழும். 30 மில்லியாம்ப் கசிவில் 300 மில்லி செகண்டுக்குள், அதைப்போல் ஐந்து மடங்கு கசிவில் 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும் என்பது தர விதி. மேலே சொன்ன 9.2 ஆம்பியர் ஃபால்ட் அதற்கு முந்நூறு மடங்கு. கதவைத் தொட ஆள் வருவதற்கு முன்பே சப்ளை போயிருக்கும்.

ராடு எவ்வளவு சுமாராக இருந்தாலும் இது வேலை செய்யும். தகரத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கணக்கில் 50-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1,667 ஓம் வருகிறது. ஈரமான இடம் என்று 25 வோல்ட் வைத்தாலும் 833 ஓம். அதற்காக 800 ஓம் ராடோடு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கோடையில் மண் காய்ந்தால் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறும். 100 ஓமுக்குள் கொண்டுவாருங்கள், நல்ல மண்ணானால் 20-க்குள் தானாக வரும். "1 ஓம் வரணும்" என்று ஷெட்டுக்கு மூன்று குழி தோண்டிப் பணத்தைக் கொட்டி, ஆர்.சி.சி.பி. வாங்க யோசிப்பவர்கள் செலவைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் வீட்டு இணைப்புகளில் கசிவுப் பாதுகாப்புக்கு 30 மில்லியாம்பைத்தான் உச்சவரம்பாக வைக்கின்றன.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஆர்.சி.சி.பி. ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பார்க்காது. அதற்கு முன்னால் எம்.சி.பி. இருந்தே ஆக வேண்டும், ஆர்.சி.சி.பி.யின் ஆம்பியர் எம்.சி.பி.யைவிடக் குறையக் கூடாது. 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 25 அல்லது 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வேண்டுமென்றால் ஆர்.சி.பி.ஓ. வாங்கலாம். இரண்டு, ஏ.சி. டைப்பைவிட ஏ டைப் மேல். எல்.இ.டி. டிரைவர், வேகம் மாற்றும் கிரைண்டர், சார்ஜர் போன்றவற்றின் கசிவு சுத்தமான அலையாக இருக்காது, ஏ.சி. டைப் அதைத் தவறவிடலாம். மூன்று, ஐ.எஸ். 12640 முத்திரை. சந்தையில் போலிகள் உண்டு. விலை பாதியாக இருந்தால் கடைக்காரரை நம்பாதீர்கள்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷெட்டுக்குள் மட்டும் ஆர்.சி.சி.பி. வைத்தால் 30 மீட்டர் கேபிளுக்குப் பாதுகாப்பு இல்லை. மண்வெட்டி பட்டு ஃபேஸ் கோர் கேபிளின் இரும்புக் கவசத்தைத் தொட்டால், மறுபடியும் அதே 9 ஆம்பியர் கதை. ஆகவே கேபிள் புறப்படும் வீட்டுப் பக்கத்தில் ஒரு கசிவுப் பாதுகாப்பு கட்டாயம். அதே சமயம் வீட்டில் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இருந்து, அதற்குப் பின்னால் ஷெட்டை மாட்டினால், மழையில் மோட்டார் நனைந்ததும் வீட்டு ஃபிரிட்ஜும் சேர்ந்து நிற்கும். இரவு மூன்று முறை அப்படி விழுந்தால் நாலாவது முறை யாரோ ஒருவர் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக முடிந்துவிடுவார். அதைத் தடுக்கவாவது வயரிங்கைப் பிரித்துச் செய்ய வேண்டும்.

பிரிப்பது இப்படி. வீட்டு மெயின் ஸ்விட்சுக்கு அடுத்து, வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து, தனிப் பெட்டியில் ஷெட்டுக்கு ஒரு கிளை எடுங்கள். அதில் 20 ஆம்பியர் பி கர்வ், இரண்டு போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்.சி.பி.; அதன் பின் 100 மில்லியாம்ப், தாமதமாக விழும் எஸ் டைப் ஆர்.சி.சி.பி. ஷெட்டில் 30 மில்லியாம்ப். இப்போது ஷெட்டுக்குள் நடக்கும் கசிவுக்கு ஷெட்டிலுள்ளதே முதலில் விழும், கேபிளில் நடந்தால் வீட்டிலுள்ளது விழும். இரண்டு பக்கமும் 30 மில்லியாம்ப் வைத்தால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டும் விழும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வீட்டுப் பக்கம் மட்டும் ஒரே ஒரு 30 மில்லியாம்ப் போதும், விழுந்தால் நடந்துபோய்த் தூக்க வேண்டும், அவ்வளவே. மீட்டர் பெட்டியிலும் ஈ.பி. ஃபியூஸிலும் கை வைக்காதீர்கள். மெயின் ஸ்விட்சுக்குப் பின்னால் வரும் வேலையையும் உரிமம் உள்ளவரை வைத்தே செய்யுங்கள்.

பி கர்வ் ஏன்? எர்த் ஃபால்ட்டுக்கு ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் எம்.சி.பி.தான் விழ வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தூரமாக இருக்கும் கிராமத்தில் வீடு வரைக்கும் லூப் (கரன்ட் போய்த் திரும்பும் பாதையின் ரெசிஸ்டன்ஸ்) 0.8 ஓம் இருக்கும் என்று வைத்தால், அதோடு 30 மீட்டர் கேபிளின் 0.28 ஓம் சேர்த்து 1.08. ஷெட்டில் ஷார்ட் ஆனால் சுமார் 213 ஆம்பியர். சி கர்வ் 20-க்கு உறுதியாக விழ 200 தேவை, நூலிழையில் நிற்கிறது. பி கர்வ் 20-க்கு 100 போதும். 1 ஹெச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் 35, 40 ஆம்பியருக்கு அது விழாது, ஏனென்றால் பி கர்வ் 20-இன் கீழ் எல்லை 60.

அந்த 0.28 ஓம் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் கேபிளின் கணக்கு. 2.5 ஸ்கொயர் போட்டால் கரன்ட் தாங்கும், ஆனால் வோல்டேஜ் விழும். 2.5 ஸ்கொயர் காப்பரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 7.41 ஓம், போக வர 60 மீட்டருக்கு 0.44 ஓம். 16 ஆம்பியரில் 7.1 வோல்ட் போய்விடும், மோட்டார் கிளம்பும் 40 ஆம்பியரில் கிட்டத்தட்ட 18 வோல்ட். வீட்டுக்கே 195 வோல்ட் வரும் சாயங்கால நேரத்தில் இது மோட்டாரைக் கிளம்பவிடாமல் முனக வைத்து, ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டரைத் தின்றுவிடும். 4 ஸ்கொயரில் அதே கணக்கு 4.4 வோல்ட், 11 வோல்ட். தூரம் 60 மீட்டர் என்றால் 6 ஸ்கொயருக்குப் போங்கள். 6 ஸ்கொயர் அலுமினியமும் 4 ஸ்கொயர் காப்பரும் ரெசிஸ்டன்ஸில் ஒன்றுதான், அலுமினியம் மலிவும்கூட. ஆனால் சின்ன எம்.சி.பி. டெர்மினலில் அலுமினியம் நசுங்கித் தளர்ந்து சூடாகும். சரியான பைமெட்டல் லக் (அலுமினியத்தையும் காப்பரையும் சேர்க்கும் முனை) போட்டு வேலை செய்யும் ஆள் கிடைக்காவிட்டால் காப்பரே நல்லது.

கேபிள் மூன்று கோர் இருக்கட்டும்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். இந்த மூன்றாவது கோரைத்தான் உங்கள் எலக்ட்ரீஷியன் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். வீட்டு எர்த்தை இந்தக் கோரில் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, ஷெட் ராடையும் அதோடு சேருங்கள். அப்போது ஒரு குழி காய்ந்தாலும், ஒரு ராடு துருப்பிடித்து அறுந்தாலும் இன்னொன்று நிற்கும். இரண்டு எர்த்தையும் தனித்தனியே விட்டால் ஷெட் தகரத்துக்கும் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷனில் இழுத்து வந்த மெஷினின் உடம்புக்கும் இடையில் வோல்டேஜ் வித்தியாசம் வரலாம். ஒரே ஆள் இரண்டையும் தொடுவார்.

மண்ணுக்கடியில் போவதானால் இரும்புக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிள். பி.வி.சி. பைப்புக்குள் சாதாரண வீட்டு ஒயர் போட்டுப் புதைப்பது மலிவுதான். ஆனால் கோடையில் கரையான், மழைக்காலத்தில் பைப்புக்குள் தேங்கும் தண்ணீர், அறுவடை முடிந்ததும் வளை தோண்டும் எலி, மூன்றில் ஒன்று அதை முடித்துவிடும். பள்ளம் 75 சென்டிமீட்டர் ஆழம். அடியில் ஒரு கை அகலம் மணல், கேபிள், மேலே மறுபடி மணல், அதன்மேல் செங்கல்லைக் குறுக்காக அடுக்கி, மண் மூடும்போது பாதி ஆழத்தில் மஞ்சள் எச்சரிக்கை டேப். டிராக்டர் கடக்கும் இடத்தில் மட்டும் கெட்டியான ஹெச்.டி.பி.இ. பைப்புக்குள் விடுங்கள். பள்ளம் போன வழியைச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, படம் வரைந்து மெயின் பெட்டிக் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கொய்யாக் கன்றுக்குக் குழி எடுப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

ஆர்மர்டு கேபிளில் பார்க்க வேண்டியது முனை. உள்ளூர் வேலையில் பெரும்பாலும் ஆர்மர் கம்பிகளை மடக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு, கேபிளைப் பெட்டியின் ஓட்டை வழியே நுழைத்துவிடுவார்கள். அந்தக் கவசம் எர்த்தோடு சேரவில்லை என்றால் அது 30 மீட்டர் நீள ஷாக் கம்பி. கேபிள் அளவுக்கேற்ற பித்தளை கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு) வாங்கி, ஆர்மர் கம்பிகளைக் கிளாண்டின் கூம்பின் மேல் வட்டமாக விரித்து, நட்டை இறுக்கி, வெளியே எர்த் டேக் வளையத்திலிருந்து பச்சை ஒயர் ஒன்றை எர்த் பாருக்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு முனையிலும் இதே வேலை. பிளாஸ்டிக் பெட்டியானால் இந்த எர்த் டேக் இல்லாமல் கவசம் அந்தரத்தில் நிற்கும். கவசம் இருக்கிறதே என்று எர்த் கோரை விட்டுவிடாதீர்கள். கவசம் ஈர மண்ணில் துருப்பிடிக்கும்.

மேலே இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஜி.ஐ. கம்பியைத் தாங்கியாக இரண்டு பக்கமும் முறுக்கி, வெயில் தாங்கும் கேபிளை அதில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். அணில் கடிக்கும், வெயிலில் உறை வெடிக்கும், கேபிள் கம்பியோடு உரசும். கடைசியில் ஃபேஸ் தாங்கிக் கம்பியைத் தொடும். அதே கம்பியில் யாராவது ஈரத் துணி காயப்போடுவார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கொல்லையில் நடக்கும் மின்சாரச் சாவுகளில் துணிக் கம்பி அடிக்கடி வருவது இதனால்தான். மேல் வழி என்றால் அந்தத் தாங்கிக் கம்பியையும் எர்த்தோடு சேருங்கள், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், துணிக்குத் தனியாக நைலான் கயிறு.

இனி ராடு. 3 மீட்டர் நீளம், 17 மி.மீ. தடிமன், 250 மைக்ரான் காப்பர் பூசிய ஸ்டீல் ராடு ஒன்று. ஜி.ஐ. பைப்பானால் 40 மி.மீ. விட்டம், 2.5 மீட்டருக்குக் குறையாமல். ஷெட்டின் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, முடிந்தால் குளியல் தண்ணீரோ மோட்டார் ஒழுகும் தண்ணீரோ போகும் பக்கமாக. தடிமனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தடிமனை இரட்டிப்பாக்கினால் ரெசிஸ்டன்ஸ் பத்து சதவீதம்தான் குறையும். ஆழம்தான் வேலை செய்யும். 3 மீட்டர் ராடுக்கு மனக்கணக்கு ஒன்று சொல்கிறேன்: மண்ணின் ரெசிஸ்டிவிட்டியில் (மண் கரன்டை எதிர்க்கும் அளவு) மூன்றில் ஒரு பங்கு. 30 ஓம்-மீட்டர் களிமண்ணில் 10 ஓம், 100 உள்ள செம்மண் சரளையில் 33, 500 உள்ள பாறை நிலத்தில் 160-க்கு மேல். பாறையில் ராடு இறங்காவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு இறங்கிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டாவது ராடை 6 மீட்டர் தள்ளி அடித்துச் சேருங்கள். பக்கத்திலேயே இரண்டு அடித்தால் ஒன்றின் பலன்தான் கிடைக்கும்.

உப்பும் கரியும் போட்ட பழைய குழி முதல் இரண்டு வருஷம் நன்றாகக் காட்டும். உப்பு மழையில் கரைந்து போகும், போகிற போக்கில் ஜி.ஐ. பைப்பையும் அரிக்கும். பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) அல்லது கடையில் கிடைக்கும் பேக்ஃபில் பவுடர் போட்டால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அரிக்காது.

எர்த் குழி கெடுவது பெரும்பாலும் மண்ணுக்குள் இல்லை, மேலே இணைக்கும் அந்த ஒரு போல்ட்டில். ஜி.ஐ. பைப்பில் வெறும் காப்பர் ஒயரைச் சுற்றி முறுக்கிவிட்டால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் அரிப்பு தொடங்கி, வெள்ளைப் பொடி கட்டி, தொட்டால் ஒயர் கையோடு வந்துவிடும். ஜி.ஐ. பைப் என்றால் 8-ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பியையோ ஜி.ஐ. பட்டையையோ போல்ட் போட்டு இணையுங்கள். காப்பர் ராடு என்றால் 6 ஸ்கொயர் பச்சை ஒயர், ஈயம் பூசிய லக், பித்தளைக் கிளாம்ப். இணைப்பு மண்ணுக்கு மேலே, மூடி போட்ட சின்னத் தொட்டிக்குள் இருக்கட்டும், மேலே கிரீஸ் தடவுங்கள். சிமென்ட் போட்டு மூடிவிட்டால் அப்புறம் சோதிக்கவே முடியாது.

ஷெட்டுக்குள் இரும்புச் சட்டத்தையும் தகரத்தையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். ஒரு காலில் பெயின்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, போல்ட்டில் 4 ஸ்கொயர் பச்சை ஒயர். தகரத்துக்கும் சட்டத்துக்கும் ஸ்குரூ வழியே தொடர்பு இருக்கும். துருப்பிடித்த பழைய ஷெட்டில் இருக்காது, அங்கே கூரைக்குத் தனியாக ஒரு இணைப்பு. மோட்டாரின் ஜி.ஐ. பைப்புக்கும் ஒன்று. இதைச் செய்யாவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் தகரத்தில் கரன்ட் ஏறி அப்படியே நிற்கலாம். போதுமான கசிவு இல்லாததால் அது விழாது, முதலில் தொடும் ஆளின் உடம்பு வழியாகத்தான் விழும். 30 மில்லியாம்ப் உயிரை எடுக்காமல் இருக்கலாம், ஏணியிலிருந்து தள்ளிவிடும்.

போர்டு ஐ.பி. 55 அல்லது 65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) மூடிய பெட்டி. ஒயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம், கிளாண்டோடு. மேலே ஓட்டை போட்டால் தகரத்தில் வியர்க்கும் தண்ணீர் நேராக உள்ளே. திறந்த ஓட்டை எதையும் விடாதீர்கள், எல்.இ.டி. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் உட்காரும். உள்ளே இரண்டு போல் ஐசொலேட்டர் ஒன்று, நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும்படி. லைட்டுக்கு 6 ஆம்பியர், சாக்கெட்டுக்கு 16, மோட்டாருக்கு 10 ஆம்பியர் சி கர்வ். மோட்டாருக்கு மட்டும், ஷெட் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் இல்லாமல், தனி 30 மில்லியாம்ப் ஆர்.சி.பி.ஓ. வைத்தால் இன்னும் நல்லது, ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். எம்.சி.பி. மோட்டாரை ஓவர்லோடிலிருந்து காப்பாற்றாது. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓவர்லோடு ரிலேவை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். இடி அதிகம் விழும் பகுதி என்றால் ஷெட் போர்டிலும் ஒரு டைப் 2 சர்ஜ் புரொடக்டர். வீட்டில் உள்ளது 30 மீட்டர் தள்ளி உதவாது.

எல்லாம் போட்ட பிறகு வரும் முதல் புகார், "ஆர்.சி.சி.பி. நிற்கவே மாட்டேன் என்கிறது." லோடு போட்டவுடன் விழுந்தால் நியூட்ரல் கலந்திருக்கிறது: ஷெட் லைட்டின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டிலிருந்தோ இன்வெர்ட்டர் லைனிலிருந்தோ எடுத்திருப்பார்கள், அல்லது எங்காவது நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒரு சாமானை மாட்டினால் மட்டும் விழுந்தால் அந்தச் சாமான். மழைநாளில் மட்டும் விழுந்தால் ஜாயின்ட், அல்லது மோட்டார். பழைய மோட்டார் வைண்டிங் ஈரத்தில் 10, 15 மில்லியாம்ப் சும்மாவே கசியும், ஆர்.சி.சி.பி.யின் பாதிப் பங்கை அதுவே சாப்பிட்டுவிடும். எப்போதும் இருக்கும் கசிவு எல்லாம் சேர்ந்து 9, 10 மில்லியாம்புக்குள் இருந்தால்தான் 30 மில்லியாம்ப் நிம்மதியாக நிற்கும். அதனால்தான் மோட்டாருக்குத் தனி ஆர்.சி.பி.ஓ. மோட்டார் விழுந்தால் லைட் எரியும், பழுது எங்கே என்றும் தெரியும். 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரைக் காய வைக்க வேண்டும் அல்லது ரீவைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். 30-ஐக் கழற்றிவிட்டு 300 மில்லியாம்ப் மாட்டுவது தீ விபத்துக்குத்தான் உதவும், ஆளுக்கு உதவாது.

சோதனையில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 60 வாட் குண்டு பல்பு வைத்து, "பல்பு பளிச்சென்று எரியுது, எர்த் சூப்பர்" என்று முடித்துவிடுவார்கள். எரியும் 60 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 880 ஓம். எர்த் 100 ஓம் இருந்தாலும் பல்புக்கு 206 வோல்ட் கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பல்பு எரிந்தால் ஒயர் அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஹீட்டரையோ அயர்ன் பாக்ஸையோ வைத்து அதே சோதனையைச் செய்யப் போகாதீர்கள். தகரத்தில் 150 வோல்ட் ஏறும். மூன்று முனை எர்த் டெஸ்டர் உள்ளவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது வீட்டு எர்த்திலிருந்து ராடைக் கழற்றியிருக்க வேண்டும், அந்நேரம் ஷெட் மெயின் ஆஃபில் இருக்க வேண்டும். மழை பெய்யும் கார்த்திகையில் அளந்தால் எல்லாக் குழியும் நன்றாகத்தான் காட்டும். கத்திரி வெயிலில் அளந்த எண்ணைத்தான் நம்பலாம்.

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. அது உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவு உண்டாக்கி இயந்திரம் விழுகிறதா என்று பார்க்கும். எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த் கோர் முழுசாக இருக்கிறதா என்பதற்கு, சப்ளையை நிறுத்திவிட்டு, ராடையும் கழற்றிவிட்டு, வீட்டு எர்த் பாரிலிருந்து ஷெட் தகரம் வரை மல்டிமீட்டரில் பாருங்கள். நீள ஒயர் ஒன்றைத் துணைக்கு இழுத்து, அதன் ரெசிஸ்டன்ஸைக் கழித்தால் அரை ஓமுக்குள் வர வேண்டும். ராடைக் கழற்றாமல் பார்த்தால் மண் வழியாகவும் ஏதோ ஒரு எண் காட்டி ஏமாற்றும். ஒவ்வொரு சாக்கெட்டின் பெரிய எர்த் ஓட்டைக்கும் தகரத்துக்கும் இடையில் தனியாகப் பாருங்கள். சாக்கெட்டுக்குப் பின்னால் பச்சை ஒயரை மடக்கி விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது.

பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தாமலே இரண்டு மூன்று வருஷம் தோட்டத்து ஈரத்தில் இருந்த ஆர்.சி.சி.பி. உள்ளே ஒட்டிக்கொண்டு விழாமல் போகலாம். அழுத்தியும் விழவில்லை என்றால் சப்ளை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஷெட்டுக்கு வந்த லைனிலிருந்து பன்றிக்கோ மாட்டுக்கோ பயந்து வேலிக் கம்பிக்கு நேராக ஒரு ஒயர் கொடுக்கும் யோசனை எப்போதாவது வந்தால், அது சட்டப்படி குற்றம். ஆளும் யானையும் செத்த வழக்குகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. வேலிக்கென்று பல்ஸ் கொடுக்கும் எனர்ஜைசர் தனியாக இருக்கிறது. அதற்கு எர்த் ராடும் தனி. ஷெட்டின் எர்த்தோடு அதைச் சேர்க்கக் கூடாது, இரண்டு ராடுக்கும் நடுவில் 10 மீட்டராவது விட வேண்டும்.